பச்சை பார்க்கிங்: யாருக்கு இடம், எவ்வளவு நேரம்?

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்கள் ஒரு முறையாவது இந்தச் செய்தியைத் திரையில் பார்த்திருப்பார்கள்: இந்த ஃபைலை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார், நீங்கள் படிக்க மட்டுமே முடியும். திறந்தவர் வேலையை முடித்திருப்பார். ஆனால் ஃபைலை மூடாமல் சாப்பிடப் போயிருப்பார். ஃபைல் சும்மாதான் கிடக்கிறது. ஆனாலும் உங்களால் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

கம்ப்யூட்டரில் நடக்கும் இதே சங்கடம் இப்போது கார் நிறுத்தும் இடங்களிலும் நடக்கிறது. சுற்றுச்சூழலைக் கெடுக்காத கார்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட இடங்களைத்தான் சொல்கிறேன். நான் சாப்ட்வேர் வேலை பார்க்கும் கலிபோர்னியாவில் அலுவலகங்கள், கடைகள், நூலகங்கள் என்று எங்கும் இந்த இடங்களைப் பார்க்கலாம். இவற்றை யார் பயன்படுத்தலாம், எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. அந்தக் குழப்பத்தை இந்தப் பாடத்தில் தீர்ப்போம். கடைசியில் எக்ஸெல்லில் ஒரு சிறிய அட்டவணையும் செய்வோம். கார் இல்லாதவர்களுக்கும் அந்த அட்டவணை பயன்படும்.

பலகைகள் இரண்டு வகை

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பச்சை எழுத்தில் இருக்கும் எல்லாப் பலகைகளும் ஒன்றல்ல.

முதல் வகைப் பலகை "குறைந்த புகை, குறைந்த எரிபொருள் கார்களுக்கு மட்டும்" என்று சொல்லும். இங்கே ஒதுக்கப்பட்டிருப்பது இடம். கட்டட வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல இடம். அது ஒரு பரிசு போல.

இரண்டாவது வகைப் பலகை "மின்சாரக் கார் சார்ஜ் செய்வதற்கு மட்டும்" என்று சொல்லும். இங்கே ஒதுக்கப்பட்டிருப்பது மின்சாரம். அந்த மின்சாரத்தை எடுப்பதற்காகத்தான் காரை அங்கே நிறுத்துகிறோம்.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை தானாக வந்துவிடும். பரிசாகக் கொடுத்த இடத்தில் நாள் முழுவதும் நிறுத்தலாம். சார்ஜ் செய்யும் இடத்தில் வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

முதல் வகை: வாசலுக்குப் பக்கத்து இடம்

இந்த வகை இடங்கள் பெருகியதற்கு முக்கியக் காரணம் அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கவுன்சில் நடத்தும் லீட் என்ற தரச்சான்றுத் திட்டம். ஒரு கட்டடம் எவ்வளவு சுற்றுச்சூழலுக்கு ஏற்றது என்று பார்த்து அதற்கு மதிப்பெண் கொடுப்பார்கள். அந்த மதிப்பெண்களில் ஒன்று கார் நிறுத்தும் இடத்துக்கானது. லீட் 2009 விதிப்படி, மொத்த இடங்களில் 5 சதவீதத்தை வாசலுக்கு அருகில் இத்தகைய கார்களுக்கு ஒதுக்கினால் மதிப்பெண் பெறலாம். இடம் ஒதுக்குவதற்குப் பதிலாகப் பார்க்கிங் கட்டணத்தில் குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தும் அதே மதிப்பெண்ணைப் பெறலாம்.

கலிபோர்னியா மாநிலம் இதைக் கட்டட விதியாகவே கொண்டு வந்தது. 2011 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த கால்கிரீன் விதித்தொகுப்பில், 200 இடங்களுக்கு மேல் உள்ள புதிய வணிகக் கட்டடங்கள் குறைந்தது 8 சதவீத இடத்தை இத்தகைய கார்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதில் ஒரு சுவையான விவரம் உண்டு. தரையில் எழுதும் வாசகம், கார் நிறுத்திய பிறகும் அதன் அடியிலிருந்து வெளியே தெரியும்படி, கோடு முடியும் இடத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். "எழுத்தைப் பார்க்கவில்லை" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா!

சரி, உங்கள் கார் இந்தக் கணக்கில் வருமா? இதற்கு லீட் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. எரிசக்திச் சிக்கனத்துக்கான அமெரிக்க அமைப்பு ஒன்று ஒவ்வொரு கார் மாடலுக்கும் ஒரு பசுமை மதிப்பெண் கொடுக்கிறது. இந்த அமைப்பை ஏசிஇஇஇ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். லீட் 2009-இல் இந்த மதிப்பெண் குறைந்தது 40 இருக்க வேண்டும். 2013-இல் வந்த லீட் நான்காம் பதிப்பில் இதை 45 ஆக உயர்த்தினார்கள்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, இந்த இடத்துக்கு மின்சாரக் கார்தான் வேண்டும் என்பதில்லை. பிளக் இல்லாத சாதாரண ஹைபிரிட் காரும், மதிப்பெண் போதுமான அளவு இருந்தால் சிறிய பெட்ரோல் காரும் இங்கே நிற்கலாம். எனவே பெட்ரோல் கார் ஒன்று நிற்பதைப் பார்த்தவுடன் "இவருக்கு வெட்கமே இல்லையா?" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டு, மின்சாரக் கார் என்பதாலேயே அது சிக்கனமானது ஆகிவிடாது. 2022-இல் இதே அமைப்பு ஒரு கணக்கு போட்டுக் காட்டியது. ஹம்மர் மின்சார வண்டியின் எடை 9,000 பவுண்டுக்கு மேல், அதாவது 4 டன்னுக்கு மேல். அதற்கான மின்சாரத்தை உற்பத்தி செய்யும்போது வெளியாகும் கரியமில வாயுவைக் கணக்கிட்டால், மைலுக்கு 341 கிராம். பெட்ரோலில் ஓடும் ஷெவர்லே மாலிபு காருக்கோ மைலுக்கு 320 கிராம்தான்.

கம்ப்யூட்டரில் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் விற்கும் கார்களின் விவரத்தைப் பார்க்க அந்நாட்டு அரசின் இணையதளம் ஒன்று இருக்கிறது. பிரவுசரைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் ஃபியூயல்எகானமி டாட் கவ் என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஃபைண்ட் எ கார் என்ற பகுதிக்குச் சென்று கார் வெளிவந்த ஆண்டு, தயாரிப்பாளர், மாடல் ஆகியவற்றை வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். கேலனுக்கு எத்தனை மைல், மின்சாரக் கார் என்றால் 100 மைலுக்கு எத்தனை யூனிட் என்று வரும். இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் ஒப்பிடலாம். ஏசிஇஇஇ அமைப்பின் பசுமை மதிப்பெண்ணை அவர்களுடைய கிரீனர்கார்ஸ் பட்டியலில் பார்க்க வேண்டும்.

இந்த வகை இடத்தில் யாராவது தவறாக நிறுத்தினால் பெரும்பாலும் போலீஸ் வராது. பலகையை வைத்தவர் கட்டட உரிமையாளர். அவர் சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கண்காணிக்க ஆள் இல்லை என்பதால்தான் இங்கே நாகரிகம் தேவைப்படுகிறது.

இரண்டாவது வகை: சார்ஜ் செய்யும் இடம்

இங்கே விஷயம் வேறு. தவறாக நிறுத்தினால் இன்னொருவருடைய பயணமே நின்றுவிடும். பெட்ரோல் தீர்ந்தால் ஒரு கேனில் வாங்கி வந்து ஊற்றிக்கொள்ளலாம். மின்சாரத்தைக் கேனில் வாங்கி வர முடியாது.

இதனால் பல மாநிலங்கள் சட்டமே போட்டிருக்கின்றன. கலிபோர்னியாவில் முன்பு இந்த இடத்தில் நிறுத்த ஒரு ஸ்டிக்கர் வேண்டும் என்று இருந்தது. 2011-இல் நிறைவேறிய திருத்தம் அதை மாற்றியது. கார் சார்ஜ் செய்வதற்காக இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி என்றாக்கியது. அதாவது மின்சாரக் காராகவே இருந்தாலும் கேபிளைச் செருகாமல் நிறுத்தினால் தவறுதான். இழுவை வண்டி வந்து இழுத்துக்கொண்டு போகலாம். செலவு கார் உரிமையாளருடையது.

வாஷிங்டன் மாநிலத்தில் 2013-இல் வந்த சட்டப்படி அபராதம் 124 டாலர். ஹவாய் மாநிலத்தில் குறைந்தது 100 இடங்கள் உள்ள பொது வாகன நிறுத்தங்களில் சார்ஜருடன் ஓர் இடமாவது மின்சாரக் காருக்கு ஒதுக்க வேண்டும். அதில் வேறு வண்டியை நிறுத்தினால் 50 முதல் 100 டாலர் வரை அபராதம்.

பெட்ரோல் காரை வேண்டுமென்றே சார்ஜ் செய்யும் இடத்தில் நிறுத்துவதை அமெரிக்கர்கள் "ஐசிங்" என்று கிண்டலாகச் சொல்வார்கள். பெட்ரோல் இன்ஜினுக்கான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் ஐ, சி, இ. அதிலிருந்து வந்த சொல் இது. 2018 டிசம்பரில் வட கரோலினா மாநிலத்தின் ஹிக்கரி ஊரில் சில பிக்கப் டிரக்குகள் டெஸ்லா சார்ஜர்களை மறித்து நின்றது செய்தியாயிற்று. ஆனால் இப்படி வம்புக்கு நிறுத்துபவர்கள் குறைவு. அன்றாடத் தொல்லை வேறு இடத்திலிருந்து வருகிறது. சார்ஜ் முடிந்தும் எடுக்காமல் நிற்கும் மின்சாரக் கார்களிலிருந்துதான் அது வருகிறது.

குடம் நிறைந்தால் நகர்த்த வேண்டும்

என் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கட்டடத்துக்கு மொத்தம் இரண்டே சார்ஜர்கள். என்னுடன் வேலை செய்யும் ஓர் அம்மையாரிடம் 2014 மாடல் நிசான் லீஃப் கார் இருந்தது. புதிதாக இருந்தபோது முழு சார்ஜில் அது 84 மைல் ஓடும் என்பது அரசுக் கணக்கு. அவர் வீடு ட்ரேசி என்ற ஊரில். அலுவலகம் ஏறத்தாழ 60 மைல் தூரத்தில். வரும்போதே பேட்டரியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மாலையில் வீடு திரும்ப வேண்டும் என்றால் பகலில் எப்படியாவது சார்ஜ் செய்தாக வேண்டும். வழியில் ஆல்டமான்ட் மலைக்கணவாய் வேறு ஏற வேண்டும். குழந்தை இருக்கும் காப்பகத்தை மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள்.

இன்னொருவர் திருச்சிக்காரர். எனக்கு மூத்தவர். அவரிடம் இருந்தது 2012 மாடல் பிளக் வைத்த பிரியஸ். அதன் பேட்டரி 4.4 யூனிட்தான். மின்சாரத்தில் மட்டும் கொஞ்ச தூரம்தான் ஓடும். பிறகு பெட்ரோலுக்கு மாறிவிடும். அலுவலகத்தில் உள்ளது போன்ற 240 வோல்ட் சார்ஜரில் ஒன்றரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். ஆனால் அவர் காலை 8 மணிக்கு வந்து செருகினால் மாலை 5 மணிக்குத்தான் எடுப்பார். ஒன்றரை மணி நேர வேலைக்கு ஒன்பது மணி நேரம் இடம்.

அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. முதலில் வந்தவர் அவர். சட்டப்படி அவர் காருக்கும் அதே உரிமை உண்டு. நிறைந்ததும் எடுக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொன்னதும் இல்லை.

ஒருநாள் டீ குடிக்கும்போது நான் பேச்சை எடுத்தேன்.

"அண்ணா, உங்க வண்டி ஒன்பதரைக்கே ஃபுல் ஆயிடுது. அப்புறம் எடுத்து வேற இடத்துல போட்டா, அவங்க செருகிக்குவாங்க."

"மீட்டிங் நடுவுல எப்படித் தம்பி இறங்கி ஓடறது? அதுவுமில்லாம ஒருத்தர் போட்ட வண்டிய எடுக்கச் சொல்றது நல்லாவா இருக்கு?"

"ஊர்ல தெருக்குழாய்ல தண்ணி பிடிச்சிருக்கீங்களா அண்ணா?"

"பிடிக்காம? விடிய நாலு மணிக்கு எழுந்து வரிசையில நின்னிருக்கேன்."

"குடம் நிறைஞ்சதும் என்ன பண்ணுவீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "நகர்த்தி வைப்போம். வைக்கலேன்னா அடுத்த வீட்டு அக்கா கிழிச்சிருவாங்களே."

அவ்வளவுதான் விஷயம். குழாயடியில் யாரும் நிறைந்த குடத்தை விட்டுவிட்டுப் போவதில்லை. அங்கே இடம் என்பது தண்ணீர் பிடிப்பதற்கு. குடம் வைப்பதற்கு அல்ல.

ஒரு சிறு கணக்கு பாருங்கள். இரண்டு சார்ஜர்கள், நாளுக்கு ஒன்பது மணி நேரம். மொத்தம் 18 மணி நேரம். ஆளுக்கு மூன்று மணி நேரம் என்றால் ஆறு கார்கள் சார்ஜ் செய்யலாம். காலையில் வந்தவர் மாலையில்தான் எடுப்பார் என்றால் இரண்டே கார்கள். புதிதாக ஒரு சார்ஜரும் வாங்காமல், ஒரு வழக்கத்தை மாற்றுவதாலேயே நான்கு கார்களுக்குக் கூடுதல் வசதி கிடைக்கிறது.

கேபிளைத் தொடலாமா?

அடுத்தவர் கார் நிறைந்துவிட்டது, அவரைக் காணவில்லை. கேபிளை நாமே பிடுங்கிச் செருகிக்கொள்ளலாமா? இதில்தான் அதிகம் சண்டை வருகிறது.

என் வழக்கம் இதுதான். கார் இன்னும் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் தொடவே கூடாது. அவருக்கு எவ்வளவு தேவை என்று நமக்குத் தெரியாது. சார்ஜ் முடிந்திருந்தாலும், அவர் அனுமதி கொடுத்திருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். பல கார்களில் கேபிள் பூட்டிக்கொள்ளும்; பலமாக இழுத்தால் பிளக் கெட்டுவிடும். சில கார்களில் அலாரம் அடிக்கும். எடுக்கும்போது கேபிளைத் தரையில் போட்டுவிடாமல் அதன் கொக்கியில் மாட்ட வேண்டும்.

எனவே காரை விட்டுப் போகிறவர் அனுமதியை எழுதி வைத்துவிட்டுப் போவதே நல்லது. ஒரு சிறு அட்டை போதும். அதை முன் கண்ணாடிக்கு உள்ளே, டேஷ்போர்டில் வெளியே தெரியும்படி வையுங்கள். நான் வேர்டில் அச்சடித்து வைத்திருக்கும் அட்டையைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"வணக்கம். காலை 11 மணிக்குப் பிறகு என் கேபிளை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் அவசரம் என்றால் இந்த உள் எண்ணில் கூப்பிடுங்கள். நன்றி."

கோபமான துண்டுச்சீட்டு எழுதுவதை விட்டுவிடுங்கள். "படித்தவர்தானே நீங்கள்?" என்று எழுதினால் அவர் அதைக் கிழித்துப் போடுவார், நாளையும் அதே இடத்தில் நிறுத்துவார். "எனக்கு 40 மைல் தேவைப்படுகிறது, மாலை 3 மணிக்குள் எடுத்தால் உதவியாக இருக்கும்" என்று எழுதினால் பெரும்பாலும் இறங்கி வருவார்.

எக்ஸெல்லில் வரிசை அட்டவணை

இப்போது பாடத்தின் முக்கியப் பகுதிக்கு வருவோம். அட்டைகளைவிடச் சிறந்தது எல்லோரும் பார்க்கக்கூடிய ஓர் அட்டவணை. எங்கள் அலுவலகத்தில் நான் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. எக்ஸெல்லைத் திறந்து புதிய ஷீட் ஒன்றை எடுங்கள். முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ1 செல்லில் பெயர், பி1-இல் கார் எண், சி1-இல் செருகிய நேரம், டி1-இல் தேவைப்படும் மணி, இ1-இல் எடுக்க வேண்டிய நேரம், எஃப்1-இல் எடுத்த நேரம்.

2. காரைச் செருகியவர் சி2 செல்லில் கிளிக் செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய இரண்டு கீகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு செமிகோலன் கீயை ஒரு முறை தட்ட வேண்டும். அப்போதைய நேரம் தானாக வந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்து டைப் செய்யத் தேவையில்லை.

3. டி2 செல்லில் எத்தனை மணி நேரம் தேவை என்று போட வேண்டும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. மேலே சொன்ன லீஃப் காருக்கு 100 மைலுக்கு 30 யூனிட் என்று அரசுத் தளம் சொல்கிறது. சார்ஜ் செய்யும்போது வீணாகும் மின்சாரமும் இதில் அடக்கம். 60 மைலுக்கு 18 யூனிட். அந்த அம்மையாரின் கார் மணிக்கு 6.6 யூனிட் எடுக்கக்கூடியது. 18-ஐ 6.6-ஆல் வகுத்தால் 2.7 வரும். 3 என்று போட்டுக்கொள்ளலாம். பிரியஸ் காருக்கு 1.5 என்று போட வேண்டும்.

4. இ2 செல்லில் இந்த ஃபார்முலாவைப் போடுங்கள்: =சி2+டி2/24. கீபோர்டில் செல் பெயர்களை ஆங்கில எழுத்தாகவே டைப் செய்ய வேண்டும்.

ஏன் 24-ஆல் வகுக்கிறோம்? எக்ஸெல்லுக்கு ஒரு முழு நாள் என்பது 1. ஒரு மணி நேரம் என்பது 24-இல் ஒரு பங்கு. நாம் வெறுமனே 3-ஐக் கூட்டினால் மூன்று மணி நேரம் கூடாது, மூன்று நாள் கூடிவிடும்! காலை 9:00 மணிக்குச் செருகி 3 மணி நேரம் தேவை என்றால் பகல் 12:00 என்று வரும். 9:15-க்குச் செருகி 1.5 என்றால் 10:45.

5. சில நேரம் இ2 செல்லில் 12:00 என்பதற்குப் பதில் 0.5 என்று தெரியலாம். பயப்பட வேண்டாம். அரை நாள் முடிந்தது, அதாவது பகல் 12 மணி என்பதைத்தான் எக்ஸெல் அப்படிக் காட்டுகிறது. செல்லின் மேல் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம்பர் டேபில் டைம் என்பதைத் தேர்வு செய்து ஓகே கொடுங்கள். சரியாகிவிடும்.

6. இ2 செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் ஃபார்முலா அடுத்தடுத்த வரிசைகளுக்கும் போய்விடும்.

7. ஃபைலை எல்லோரும் திறக்கும்படி ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ வைத்து அலுவலக நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளுங்கள். அங்கே ஒரே ஃபைலைப் பல பேர் ஒரே நேரத்தில் திருத்தலாம். முதலில் சொன்ன "வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்" தொல்லை இருக்காது.

இந்த அட்டவணை வந்த பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. திருச்சி அண்ணன் காலையில் 1.5 என்று தன் கையால் போடுகிறார். 10:45 என்று திரை அவருக்குச் சொல்கிறது. ஓர் ஆள் சொன்னால் மனம் கோணும். தானே போட்ட கணக்கின் மேல் யாருக்கும் கோபம் வராது.

பெரிய நிறுவனங்களும் இதே வழியைத்தான் பிடித்தன. சார்ஜ்பாயின்ட் நிறுவனம் தன் செயலியில் வரிசையில் பெயர் கொடுக்கும் வசதியைக் கொண்டு வந்தது. டெஸ்லா 2016 டிசம்பரில் சார்ஜ் முடிந்தும் எடுக்காத கார்களுக்கு நிமிடத்துக்கு 40 சென்ட் கட்டணம் என்று அறிவித்தது. முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் கட்டணம் இல்லை. செல்போனுக்குத் தகவலும் வந்துவிடும்.

நெடுஞ்சாலையில் உள்ள வேகச் சார்ஜர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டிய பிறகு சார்ஜ் ஏறும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். பின்னால் ஆட்கள் காத்திருந்தால், அடுத்த ஊர் போவதற்குத் தேவையான அளவு ஏறியதும் கிளம்பிவிடுவதே அழகு.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்

கேள்வி 1: என்னுடையது மின்சாரக் கார். சார்ஜ் தேவையில்லை. ஆனால் வேறு இடம் எதுவும் காலி இல்லை. சார்ஜ் செய்யும் இடத்தில் பத்து நிமிடம் நிறுத்தலாமா?
பதில்: கூடாது. அங்கே ஒதுக்கியிருப்பது மின்சாரத்தை. கலிபோர்னியாவில் இது சட்டப்படியும் தவறு.

கேள்வி 2: பிளக் இல்லாத ஹைபிரிட் காரை எங்கே நிறுத்தலாம்?
பதில்: குறைந்த புகைக் கார்களுக்கான முதல் வகை இடத்தில், தகுதி இருந்தால் நிறுத்தலாம். சார்ஜ் செய்யும் இடத்தில் நிறுத்தக் கூடாது.

கேள்வி 3: ஞாயிற்றுக்கிழமை. பார்க்கிங் முழுவதும் காலி. பெட்ரோல் காரை சார்ஜர் பக்கத்தில் நிறுத்தினால் யாருக்கு நஷ்டம்?
பதில்: அடுத்து வரப்போவது யார் என்று உங்களுக்குத் தெரியாது. முழுவதும் காலி என்றால் உங்களுக்கும் வேறு இடம் இருக்கிறதே!

கேள்வி 4: சார்ஜருக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிப் படமும் போட்டிருக்கிறது. நான் நிறுத்தலாமா?
பதில்: மாற்றுத்திறனாளிக்கான அனுமதி அட்டை இருந்தால் மட்டும். மற்ற சார்ஜர்கள் எல்லாம் நிறைந்திருந்தாலும் கூடாது.

கேள்வி 5: பெட்ரோலிலும் ஓடக்கூடிய பிளக் வண்டி, முழு மின்சார வண்டிக்கு இடம் விட வேண்டுமா?
பதில்: சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்குச் சார்ஜ் கிடைக்காவிட்டால் கொஞ்சம் பெட்ரோல் செலவு. இன்னொருவருக்கு வீட்டுக்கே போக முடியாது. இதைத் தெரிந்துகொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம் ஊர் வாசகர்களுக்கு

இந்தியாவில் 2018 முதல் மின்சார வண்டிகளுக்குப் பச்சை நிற நம்பர் பிளேட் உண்டு. சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து. எனவே எது மின்சார வண்டி என்று கண்டுபிடிப்பது அமெரிக்காவைவிட இங்கே எளிது. ஆனால் பச்சை பிளேட் இருப்பதால் மட்டும் சார்ஜர் முன்னால் நாள் முழுவதும் நிற்க உரிமை வந்துவிடாது.

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே ஒரு சார்ஜிங் பாயின்ட் இருந்து நான்கு வீட்டில் மின்சார வண்டி இருந்தால், இன்றைக்கே இந்த அட்டவணையைச் செய்து பகிர்ந்துகொள்ளுங்கள். சண்டை வருவதற்கு முன்பே செய்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. வண்டியே இல்லாதவர்கள் மொட்டை மாடித் துணிக் கொடிக்கோ வீட்டில் ஒரே கம்ப்யூட்டரைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வதற்கோ இதைப் பயன்படுத்தலாம். தலைப்புகளை மட்டும் மாற்றினால் போதும், ஃபார்முலா அதேதான்.